கெமிஸ்ட்ரி மாறினால் வலி போயிடுமா?

தா.பழூர் பக்கம் நடவும் களையெடுப்புமாகக் குனிந்தே காலம் தள்ளிய பெண்களுக்கு இடுப்பு வலி கூடப் பிறந்த மாதிரி. முதலில் மெடிக்கல் கடை மாத்திரை. அப்புறம் ஊசி. அதுவும் கேட்காவிட்டால் கரண்டு வைக்க கும்பகோணத்துக்கு பஸ். கையில் காசிருந்து பெருநகர ஆஸ்பத்திரி வரை போனால், கடைசிப் படியில் நிற்பது தண்டுவடத் தூண்டல். முதுகெலும்புக்குள் கம்பி, தோலுக்கடியில் பேட்டரி, பல லட்சம் செலவு!

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய வாதம்: "உடம்போட ரசாயனத்தையே மாத்துது!"

பொய்யா? இல்லை. 1967-ல் அமெரிக்காவில் ஷீலி முதன்முதலாக ஒரு மனிதருக்கு இதைப் பொருத்தினார். பிறகு 1990-களில் சுவீடனில், நரம்பு காயப்பட்ட எலிகளின் தண்டுவடத்தில் அளந்து பார்த்தார்கள். கரண்டு பாய்ந்ததும் நரம்பை அடக்கும் காபா கூடியது, உசுப்பிவிடும் குளுட்டமேட் குறைந்தது. அருமையான ஆராய்ச்சிதான்.

ஆனால் எலியின் தண்டுவடத்தில் அளந்தது மனுஷியின் இடுப்புக்கு உத்தரவாதமா?

1978-ல் கலிபோர்னியாவில் பல் பிடுங்கியவர்களுக்கு வெறும் போலி மருந்து கொடுத்தார்கள். பலருக்கு வலி குறைந்தது. ஓபியம் வகை ரசாயனங்களைத் தடுக்கும் நலாக்சோனைப் போட்டதும் வலி திரும்பியது. அதாவது, நம்பிக்கைகூட கெமிஸ்ட்ரியை மாற்றும்! அப்புறம் கெமிஸ்ட்ரியை மட்டும் காட்டி மெஷினுக்கு எப்படி சர்டிபிகேட் கொடுப்பது?

அதற்கு ஒரே வழி, நோயாளிக்குத் தெரியாமல் ஆஃப் செய்து பார்ப்பது. நார்வேயில் செய்தார்கள். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் கால்வலி தீராத 50 பேர். உடம்பில் உணர முடியாத மெல்லிய துடிப்பு. சில மாதம் ஆன், சில மாதம் ஆஃப். 2022-ல் முடிவு வந்தது: அன்றாட வேலை செய்வதில் இருந்த சிரமம் இரண்டு காலத்திலும் குறைந்தது, கிட்டத்தட்ட ஒரே அளவு! 2023-ல் காக்ரேன் குழு 13 ஆய்வுகளை அலசி, இடுப்பு வலிக்குப் போலி சிகிச்சையைவிட இதில் பெரிய பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்றது.

"எங்க மாமாவுக்கு சரியாச்சே" என்பவர்கள் கவனிக்க: நார்வேயில் ஆஃப் செய்தபோதும்தான் சரியானது.

வலி பொய் என்று யாரும் சொல்லவில்லை. அது நிஜம், அதனால்தான் அதை வைத்து வியாபாரம் நடக்கிறது. நிலத்தை அடகு வைக்கும் முன் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்... "இந்த வலிக்கு, ஆஃப் செய்து பார்த்தார்களா?"

பதிலுக்கு கெமிஸ்ட்ரி பாடம் வந்தால், பத்திரத்தை பீரோவிலேயே வையுங்கள்.