காற்றுச் சுமைதாங்கி

நம் முன்னோர் வழிநெடுகச் சுமைதாங்கிக் கற்களை நாட்டி வைத்தனர். தலைச்சுமையோடு வருவோர் அவற்றின்மேற் பாரத்தை இறக்கி இளைப்பாறினர். இன்று லிங்கநகரிலிருந்து கோணேசர் கோயிலுக்கோ கன்னியா வெந்நீரூற்றுக்கோ முச்சக்கர வண்டியிற் புறப்படும் குடும்பத்தின் பாரத்தைத் தாங்குவது யாது? கண்ணுக்குப் புலப்படாத காற்றேயாம். அக்காற்றின் அளவைப் பற்றி இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

காற்றடைத்த ரயருக்கு 1845 ஆம் ஆண்டிலேயே றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் காப்புரிமை பெற்றார். எனினும் அது அன்று பரவவில்லை. பின்னர் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் போய்ட் டன்லப், தம் மகனின் முச்சக்கர சைக்கிள் கரடுமுரடான பாதையிற் குலுங்குவதைக் கண்டு, றப்பர்க் குழாயிற் காற்றை அடைத்துச் சக்கரத்திற் பொருத்தினார். 1888 இற் காப்புரிமையும் பெற்றார். ஆகவே காற்று ரயர் மக்களிடையே பரவ வழிதிறந்தது ஒரு முச்சக்கர வண்டியே!

ரயரிலிருந்த காற்றைப் பின்வந்தோர் அதிர்ச்சி தாங்கியினுள்ளும் புகுத்தினர். நெடும் பயணத்துக்கென ஹார்லி டேவிட்சன் முதலியோர் செய்த பெரிய முச்சக்கர மோட்டார் சைக்கிள்களில், பின்னிருக்கையில் ஆளேறினால் காற்றைக் கூட்டவும், தனியே செல்கையிற் குறைக்கவும் வசதியுண்டு. அங்கே அடைபடும் காற்று மிகச் சொற்பம். காற்றடிக்கும் நிலையத்து இயந்திரத்தைப் பொருத்தினால் நொடியில் அளவு மீறி அடைப்புகள் பழுதாகலாம். அளவுமானியுள்ள கைப்பம்பே அதற்கு ஏற்றது.

காற்று எங்ஙனம் வில்லாகிறது? வெப்பநிலை மாறாதிருக்க, வாயுவின் கனவளவு பாதியானால் அமுக்கம் இருமடங்காகும். இது 1662 இல் றொபேட் போயில் வெளியிட்ட விதி. நெருக்க நெருக்கக் காற்று மேன்மேலும் வன்மையுடன் எதிர்த்து நிற்கும். ஆதலால் ஒருவருக்குப் பொருந்திய அளவு நால்வருக்குப் பொருந்தாது.

நமது வாடகை முச்சக்கர வண்டியிலோ அதிர்ச்சியைத் தாங்குவன வில்லும் எண்ணெயும். நாம் கூட்டிக் குறைக்கத்தக்க காற்று ரயரில் மட்டுமே உண்டு. அதனைக் காலையில், வண்டி ஓடுமுன், அளத்தல் வேண்டும். ஏனெனில் 27 பாகை வெப்பத்திற் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலாயிருந்த காற்று, ஓட்டத்தாலும் வெயிலாலும் 57 பாகைக்குச் சூடேறினால், ஏறக்குறைய நாலரை இறாத்தல் கூடிக் காட்டும். மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்துக்கொள்ள மறவாதிருப்பாராக. சூட்டில் அளந்து, 'கூடிவிட்டதே' என்று காற்றைத் திறந்துவிட்டால், மறுநாட் காலையில் ரயர் தளர்ந்திருக்கும்.

பின்சக்கரம் இரண்டிலும் அளவு ஒத்திருத்தல் இன்றியமையாதது. இருசக்கர வண்டி வளைவில் உட்புறம் சாய்ந்து தன்னைக் காத்துக்கொள்ளும். முச்சக்கர வண்டிக்கு அவ்வாய்ப்பில்லை. பாரம் முழுவதும் வெளிப்புறச் சக்கரத்தை நோக்கிச் சரியும். அச்சக்கரம் தளர்ந்திருந்தால் வண்டி மேலும் வெளியே சாயும். வேகமும் சேர்ந்துவிட்டாற் கவிழ்வதற்கு அதிக நேரம் செல்லாது. மிகையாக அடித்தலும் நன்றன்று. ரயர் நிலத்தைப் பற்றும் பரப்புக் குறைய, மார்கழி மழையில் வழுக்கும்.

மூவர் அமரும் இருக்கையிற் பள்ளிச் சிறார் அறுவரை நெருக்கி ஏற்றிவிட்டு, 'காற்றைக் கூட அடித்திருக்கிறேன், பயமில்லை' என்று கூறுவோரும் உளர். காற்றுச் சுமையைத் தாங்குமேயன்றி நம் பேராசையைத் தாங்காது. வண்டியின் கைந்நூலில் விதித்த அளவுக்கு மேற் பாரமேறினால், குறைக்க வேண்டியது ஆட்களையேயாம்.

பிள்ளைகளைத் தினமும் வண்டியில் அனுப்பும் பெற்றோர், கட்டணத்தைக் கேட்கும்போது, "தம்பி, காற்றுப் பார்த்தீரா? எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறீர்?" என்றும் அன்போடு கேட்பாராக. இதற்குச் செலவு ஏதுமில்லை. காப்பதோ குழந்தைகளின் உயிரை.