கோயிலுக்குன்னா ஆயிரம் பேர் வருவோம், பஸ்ஸுக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு அண்டா கழுவிக்கிட்டு இருந்தோம். ஒரு அண்ணன் ஆரம்பிச்சார். "ரயில் பிளான், ரோடு பிளான் எல்லாம் யாருக்குப் போடுறாங்க? நம்மள எவன் கேட்டான்?" சுத்தி நின்ன எல்லாரும் தலையாட்டினோம், நானும்தான். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்துச்சு. கேட்டாங்களே, நாமதானே போகல!

எம்.ஆர்.டி. 3 வட்டப் பாதையின் வரைபடத்தை 2024 செப்டம்பர் 2 முதல் டிசம்பர் 2 வரை மூன்று மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். சுமார் 51 கிலோமீட்டர் பாதை. தித்திவங்சா, செத்தாப்பாக் என்று நம்ம ஆளுங்க குடியிருக்கிற பக்கமெல்லாம் போகிறது. புதுசா ரயில் பாதை போட்டால் மூன்று மாதம் மக்களிடம் காட்டி கருத்து கேட்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம். அது யாரும் நமக்குப் போடுற பிச்சை இல்லை. அதே 2024 தொடக்கத்தில்தான் கோலாலம்பூர் 2040 உள்ளூர்த் திட்டத்தின் வரைவையும் பார்வைக்கு வைத்தார்கள். இந்த ரெண்டில் ஒன்றுக்காவது போனவங்க நம்ம கோயில் வாட்சாப் குழுவில் எத்தனை பேர்? நான் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தர்கூட இல்லை.

கோயில் நிலத்துக்கு ஆபத்துன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் வரட்டும். ஒரே ராத்திரியில் ஆயிரம் பேர் திரண்டுடுவோம். அது தப்புன்னு நான் சொல்லல, நானும் வந்து நிற்பேன். ஆனா அந்தக் கோயிலுக்கு வர்ற பாட்டி பஸ் கிடைக்காம வெயிலில் முக்கால் மணி நேரம் நிற்கிறாங்களே, அதுக்கு நம்மில் யார் ஒரு கடிதம் எழுதினோம்? சாமிக்கு இடம் கேட்கத் தெரிந்த நமக்கு பக்தனுக்கு பஸ் கேட்கத் தெரியல.

நான் செந்தூலில் இருக்கேன். எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிப்பு. 28 வருஷமா பத்துமலை பக்கம் ஃபேக்டரியில் வேலை, இப்போ சூப்பர்வைசர். என் லைனில் வேலை செய்யும் பெண் பிள்ளைகள் ஓ.டி. முடிஞ்சு வெளியே வரும்போது ராத்திரி 12 மணி. அந்த நேரத்தில் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. மூணு பேர் சேர்ந்து காசு போட்டு கார் கூப்பிடணும், இல்லைன்னா அண்ணனோ தம்பியோ மோட்டாரில் வந்து நிற்கணும். யாரும் இல்லாதவ ஓ.டி. வேண்டாம்னு சொல்லிடறா. அவ சம்பளம் அங்கேயே குறைஞ்சு போகுது.

தைப்பூசத்தை நினைச்சுப் பாருங்க. 2010ல் பத்துமலைக்கு கொமுட்டர் ரயில் வந்தது. தைப்பூசம்னா ராத்திரி முழுக்க ரயில் ஓடுது. பால்குடம் எடுத்தவங்களும் பிள்ளையைத் தோளில் தூக்கினவங்களும் நிம்மதியா வீடு போய்ச் சேர்றாங்க. அந்த ரெண்டு நாள் முடிஞ்சதும் அதே வழியில் நம்ம பிள்ளைகளுக்கு நடுராத்திரி வண்டி கிடையாது.

தினமும் விடிய விடிய ரயில் ஓட்ட முடியாதுன்னு எனக்கும் தெரியும். மெஷினை நிறுத்தி சர்வீஸ் பண்ணலைன்னா என்ன ஆகும்னு சூப்பர்வைசருக்குச் சொல்லித் தர வேண்டாம். ஆனா ரயில் தூங்குற நேரத்தில் அதே வழியில் மணிக்கு ஒரு பஸ் விடலாமே. இது வரைபடத்தில் கோடு போடுற அதிகாரிக்குத் தானா தோணாது. அவர் காலையில் 8 மணிக்கு வேலைக்குப் போறவர்.

அவங்களையும் சும்மா விட முடியாது. ஒருமுறை ஒரு கருத்துக் கேட்புக்கு நான் போனேன். எந்த அலுவலகம்னு சொல்ல விரும்பல. புதன்கிழமை காலை 10 மணி, ஹோட்டல் மண்டபம். அரை நாள் லீவு போட்டுத்தான் போனேன். கலர் கலரா படம், நல்ல சாப்பாடு. "ஸ்டேஷனுக்குப் போற பஸ் காலையில் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் பிறகு முடிவாகும் அங்கிள்" என்றார் ஒரு தம்பி. எனக்கு அதுதானே தம்பி முதல் கேள்வி! வேலைக்குப் போறவன் வர முடியாத நேரத்தில் கூட்டம் போட்டுட்டு "மக்களைக் கேட்டோம்"னு அறிக்கை எழுதினா அது சடங்கு. ஃபேக்டரி வாசலுக்கு வாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்துக்கு வாங்க. மேசை நாற்காலி நாங்க போடுறோம்.

"எழுதினா மட்டும் மாத்திடுவாங்களா?"ன்னு கேட்பீங்க. ஷா ஆலாம் வழியா கிள்ளானுக்குப் போற எல்.ஆர்.டி. 3 பாதையில், செலவைக் குறைக்க 2018ல் ஐந்து ஸ்டேஷன்களை வெட்டினாங்க. 2024 பட்ஜெட்டில் அந்த ஐந்தையும் திரும்பச் சேர்த்தாங்க. கோடு மாறும் என்பதற்கு இதுக்கு மேல என்ன சாட்சி? 2011ல் எம்.ஆர்.டி. சுரங்கத்துக்கு நிலம் எடுக்க வந்தபோது ஜாலான் சுல்தான் கடைக்காரர்கள் ஒன்றா நின்று எதிர்த்தாங்க. பேச்சுவார்த்தை நடந்தது. அங்கே பல பழைய கட்டடங்கள் இன்னும் நிற்குது. வசதியான தாமான்காரங்க வக்கீலோட போய் உட்கார்றாங்க. நாம டீக்கடையில் உட்கார்றோம்.

2020க்குள் நூற்றுக்கு 60 பயணம் பொதுப் போக்குவரத்தில் என்று முன்பு ஒரு திட்டம் சொன்னது. கிட்டக்கூடப் போகல. இப்போ 2040க்குள் 70 என்கிறார்கள். நம்ம பிள்ளைகள் ஏறக்கூடிய நேரத்தில் வண்டி இல்லாம இந்த 70 எங்கிருந்து வரும்?

அதனால் கோயில் நிர்வாகங்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த திட்டம் பார்வைக்கு வரும்போது பிரசாத மேசை பக்கத்தில் இன்னொரு மேசை போடுங்க. படிச்ச பிள்ளைகள் ரெண்டு பேர் உட்காரட்டும். மலாய் எழுதத் தெரியாத அம்மா சொல்லச் சொல்ல அவங்க எழுதட்டும். மூணே விஷயம் போதும்: எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க, எங்கிருந்து எங்கே போறீங்க, எவ்வளவு தூரம் நடக்கிறீங்க. "எங்க கோயில் பக்கத்தில் ஸ்டேஷன் வேணும்"னு மட்டும் எழுதாதீங்க.

தூண் நட்ட பிறகு பேசிப் பிரயோஜனம் இல்லை. பென்சில் கோடா இருக்கும்போதே பேசணும்.

முதல் மேசைக்கு நான் வர்றேன், பேனாவும் நானே கொண்டு வர்றேன். கூட யார் வர்றீங்க? கமெண்டில் பேர் போடுங்க. முருகன் துணை.