எண்ணெய்க்கு லீவு விட்டா எனர்ஜி வருமா?

'எண்ணெய் தொட்டா தொப்பை!' ஹாஸ்டல் பக்கம் இப்போ இதுதான் எழுதப்படாத சட்டம் மக்களே. கூடவே இன்னொரு ஃபேஷன், சீகோங். யூடியூபைப் பார்த்து, மொட்டை மாடியில் நின்னு, கையை மெதுவா ஏத்தி இறக்கி, மூச்சை இழுத்து விடுற சீனப் பயிற்சி. ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா உடம்பு இறகு மாதிரி ஆகிடும், எனர்ஜி பொங்கும்னு ஒரு நம்பிக்கை.

எங்க செட்ல ஒருத்தன் அப்படித்தான் இறங்கினான். விழுப்புரம் பையன். காலை டிபன் கட். மதியம் சோறும் ரசமும், பொரியல் பக்கம் திரும்பக் கூட மாட்டான். ராத்திரி ரெண்டு வறட்டுச் சப்பாத்தி. மூணாவது வாரம் லேப்ல நிக்க முடியாம ஸ்டூலைத் தேடினான். கேட்டா, 'உடம்புல இருக்கிற நச்சு வெளியேறுதுடா'ன்னு விளக்கம் வேற. நச்சு இல்ல பாஸ், பசி!

முதல்ல சீகோங்கைப் பார்ப்போம். மூச்சு, அசைவு, கவனம் மூணையும் சேர்க்கிற இந்தப் பயிற்சிகள் ரொம்பப் பழசு. ஆனா, சீகோங் என்ற பெயர் சீனாவில் பரவலானது 1950-களில்தான். 2003-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை நாலு பயிற்சிகளை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. அதில் ஒண்ணு 'பாதுவான்ஜின்'. எட்டே அசைவுகள், கால் மணி நேரத்துக்குள் முடிஞ்சிடும். மெதுவான மூச்சு மனசின் பரபரப்பைக் குறைக்கும். தூக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லதுன்னு ஆய்வுகள் சொல்லுது. அந்த ஆய்வுகளில் பல சின்ன அளவில் நடந்தவை என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

இதில் ஒரு சுவாரஸ்யம். உயிராற்றலைக் குறிக்கிற 'சீ' என்ற சொல்லின் பழைய சீன எழுத்துக்குள்ளேயே அரிசி இருக்கு! மேலே ஆவி, கீழே அரிசி. சோறு இல்லாம சக்தி இல்லைன்னு அந்த எழுத்தே சொல்லுது. நம்ம பசங்கதான் அரிசியை விட்டுட்டு ஆவியை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க.

சரி, கொழுப்பு என்ன செய்யுது? விழுப்புரம் ஜங்ஷனை நினைச்சுக்கங்க. காட்பாடி, புதுச்சேரி, மயிலாடுதுறை, திருச்சின்னு பல பக்கத்திலிருந்து வர்ற பாதைகள் அங்கே சேரும். அதுக்கப்புறம் சென்னைக்கு ஒரே ரூட். நம்ம செல்லுக்குள்ளேயும் அப்படி ஒரு ஜங்ஷன் இருக்கு. பேரு அசிட்டைல் கோ-ஏ. மாவுச்சத்து, கொழுப்பு ரெண்டும் வேற வேற பாதையில் வந்து இங்கேதான் சேருது. புரதத்திலிருந்தும் ஒரு பகுதி வந்து சேரும். அப்புறம் ஒரே ரூட்ல போய் எனர்ஜியா மாறுது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தந்தா, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். உட்கார்ந்திருக்கும்போதும், சீகோங் மாதிரி மெதுவான அசைவிலும் உடம்பு நிறையவே எரிக்கிறது கொழுப்பைத்தான்.

'அப்போ சீகோங் செஞ்சா தொப்பை கரையும்தானே?'ன்னு துள்ளாதீங்க. இன்ஜினீயரிங் படிக்கிறோம், கணக்கு போட்டுடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருத்தர் சீகோங் செஞ்சா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 180 கலோரி செலவாகும். கால் மணி நேரத்துக்கு 45. ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெயில் இருக்கிறது சுமார் 120. அதாவது, அந்த ஒரு ஸ்பூனை 'எரிக்க' 40 நிமிஷம் மூச்சு விடணும்! சீகோங் கொழுப்பை எரிக்கிற அடுப்பு இல்லை. அது மனசையும் மூச்சையும் நிதானத்துக்குக் கொண்டு வர்ற வேலை. அந்த வேலையை மட்டும் அதுகிட்ட கொடுங்க.

கொழுப்புக்கும் எரிபொருள் தவிர வேலைகள் இருக்கு. வைட்டமின் ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்போடு சேர்ந்தாத்தான் உடம்பில் ஒட்டும். முருங்கைக்கீரைப் பொரியலில் அம்மா எண்ணெய் தாளிச்சு தேங்காய் தூவுறது ருசிக்கு மட்டும் இல்லை. செல் சவ்வுகளுக்கும், சில ஹார்மோன்களுக்கும் கொழுப்பு வேணும். சாப்பாட்டை ரொம்பக் குறைச்சா பெண்களுக்கு மாதவிடாயே தள்ளிப்போகலாம், நின்னும் போகலாம். அப்படி ஆனா டயட் சார்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு டாக்டரைப் பாருங்க.

இப்போ நம்ம ஊர் பெருமைக்கு வருவோம். நல்ல கொழுப்பைத் தேடி ஆலிவ் ஆயில் பாட்டிலுக்குக் காசைக் கரைக்கிறவங்களே, திண்டிவனத்தில் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது தெரியுமா? டி.எம்.வி.-ன்னு தொடங்குற வேர்க்கடலை, எள் ரகங்களில் அந்த மூணு எழுத்து திண்டிவனத்தைக் குறிக்கிறதுதான். 1940-ல் வந்த டி.எம்.வி. 2 வேர்க்கடலை தமிழ்நாட்டைத் தாண்டியும் நிலங்களைப் பிடிச்சது. 1967-ல் டி.எம்.வி. 7 வந்தது. நம்ம பக்கம் செல்லமா 'மல்லாட்டை'. அதன் எண்ணெயில் ஏறக்குறைய பாதி ஒலியிக் அமிலம். ஆலிவ் எண்ணெயைப் புகழ்றோமே, அதே சமாச்சாரம்! ஒரு கைப்பிடிப் பருப்பில், அதாவது 30 கிராமில், சுமார் 7 கிராம் புரதமும் இருக்கு. நாமதான் கேன்டீன்ல மணிக்கணக்கா 'கடலை' போடுறோமே தவிர, சாப்பிடுறது இல்லை!

வில்லனும் ஒருத்தர் இருக்கார். திரும்பத் திரும்பக் காய்ச்சுற எண்ணெய். பஜ்ஜிக் கடைச் சட்டியில் எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, புகையுதுன்னா அந்தக் கடையைத் தாண்டிப் போயிடுங்க. காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைஞ்சு வேண்டாத பொருட்கள் சேரும். அந்த மாதிரிப் பொருட்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினா எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2018 ஜூலையிலிருந்து நாடு முழுக்க விதி இருக்கு. எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாதுன்னு 2022 ஜனவரியில் இன்னொரு விதி வந்தது. ஆனா, சட்டிக்கு முன்னாடி நிக்கிற முதல் இன்ஸ்பெக்டர் நம்ம கண்ணுதான்.

சீகோங் பிடிச்சிருந்தா தாராளமா செய்ங்க. சில டிப்ஸ் மட்டும்:

* வெறும் வயித்துலயோ, லேசா ஏதாவது சாப்பிட்டோ செய்யலாம். எண்ணெய்ப் பண்டம் இரைப்பையை விட்டு நகர நேரமாகும். பரோட்டாவை முடிச்ச கையோட குனிஞ்சு நிமிர்ந்தா நெஞ்செரிச்சல் இலவசம். ரெண்டு மணி நேரமாவது விடுங்க.
* பயிற்சி முடிஞ்சதும் டிபன் கட்டாயம். இட்லிக்கு நல்லெண்ணெயில் குழைச்ச பொடி, இல்லேன்னா வேர்க்கடலைச் சட்னி.
* அசைவக்காரங்க வாரம் ரெண்டு தடவை மரக்காணம் பக்கத்து மத்தி மீனைக் குழம்பு வைக்கச் சொல்லுங்க. ஒமேகா-3 அதில் தாராளம்.
* அளவு முக்கியம். நாளோட மொத்த கலோரியில் கொழுப்பின் பங்கு 30 சதவிகிதத்துக்குள் இருக்கட்டும்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கு. 2,000 கலோரிக்கு இது சுமார் 66 கிராம். பால், பருப்பு, மீனுக்குள் ஒளிஞ்சிருக்கிற கொழுப்பும் இந்தக் கணக்கில் வரும்.
* பூஞ்சை பிடிச்ச, சுருங்கின, கசக்கிற பருப்பைத் துப்பிடுங்க. வேர்க்கடலை அலர்ஜி உள்ளவங்க இந்தப் பக்கமே வராதீங்க.

மூச்சை யார்கிட்ட வேணும்னாலும் கத்துக்கலாம், சீனாக்காரங்ககிட்ட கத்துக்கிட்டா தப்பே இல்லை. ஆனா, அந்த மூச்சுக்கு விறகு போடுறது நம்ம தட்டுதான். அடுத்த தடவை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் யாராவது அவிச்ச மல்லாட்டைப் பொட்டலத்தை நீட்டினா, 'ஐயோ, கொழுப்பு!'ன்னு முகத்தைத் திருப்பாதீங்க. ஒண்ணு வாங்குங்க. பக்கத்து சீட்டுக்கும் நாலு கொடுங்க!