விளக்கை யார் கையில் கொடுப்பது?

செட்டிபாளையத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து நமது கல்லூரியில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய நிலம். அதுதான் எங்கள் ஊர். மின்சாரத்துக்கும் தமிழ் ஆசிரியைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு ஓர் இரவில் ஏற்பட்டது.

2023 ஜனவரி 23ஆம் திகதி உயர்தரப் பரீட்சை தொடங்கியது. என் அண்ணன் மகளும் எழுதினாள். அந்த வாரத்தில் ஒரு நாள் பின்னேரம் மின்சாரம் போயிற்று. கைத்தொலைபேசி வெளிச்சத்தில் படித்தாள். அதுவும் அணைந்ததும் என் அம்மா சாமியறைக் குத்துவிளக்கை எடுத்து வந்து மேசையில் வைத்தார். பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு, “மாமி, சோதினை நேரத்தில கரண்ட வெட்டச் சொல்லி முடிவெடுக்கிறது ஆர்?” என்று கேட்டாள்.

“நம்மட விதி மகள், நீ படி” என்று சொன்னேன்.

அந்தப் பதில் பிழை. மழை பெய்யாதது விதியாக இருக்கலாம். மின்சாரத்தை எப்போது வெட்டுவது என்பது ஒரு மேசையில் இருந்து மனிதர்கள் எடுக்கும் முடிவு. அந்த மனிதர்களை அந்தக் கதிரையில் இருத்தியவர்களும் மனிதர்களே.

அந்த நாட்களில் நாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பரீட்சைக் காலத்தில் மின்வெட்டுக்கு அனுமதி இல்லை என்றது இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. எரிபொருள் வாங்கப் பணம் இல்லை என்றது மின்சார சபை. மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டது. விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று, பெப்ரவரி 17ஆம் திகதி பரீட்சை முடியும் வரை மின்வெட்டு இராது என்ற உறுதி பெப்ரவரி தொடக்கத்தில்தான் கிடைத்தது. அதற்குள் பிள்ளைகள் பல பாடங்களை எழுதி முடித்திருந்தார்கள்.

அதே மாதத்தில் கட்டணமும் ஏறியது. ஒரு மின்விசிறியும் சில மின்குமிழ்களும் உள்ள, மாதம் 30 அலகு பாவிக்கும் வீட்டை எடுங்கள். 2022 ஓகஸ்டுக்கு முன் அலகு 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. மொத்தம் 1,300 ரூபா. பின்னர் குறைத்தார்கள். ஆனால் அந்த மாதங்களில் தையல் மெஷினை நிறுத்தி வைத்த உம்மாமாருக்கு அது போன காலம்தான்.

அந்த உயர்வை எதிர்த்தவர் ஆணைக்குழுவின் தலைவர் ஜனக ரத்நாயக்க. 2023 மே 24ஆம் திகதி பாராளுமன்றம் 123 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. எதிராக 77 வாக்குகள். அவர் மீதான குற்றச்சாட்டுகள் சபைக்கு வந்தன. கட்டண உயர்வை எதிர்த்ததற்காகவே தம்மை நீக்குகிறார்கள் என்பது அவரது வாதம். யார் சரி என்று தீர்ப்பளிக்க நான் வரவில்லை. என் கேள்வி வேறு. நீக்கும் நாளில் நாடு முழுவதும் அவரைப் பற்றி விவாதித்தது. நியமித்த நாளில் நம்மில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருந்தோம்?

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. ஒருவரைப் பதவிக்கு எடுக்குமுன் எப்படி ஆராய்வது என்பதே அதன் பொருள். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும் என்று அங்கே வள்ளுவர் சொல்கிறார். இதை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். “ரீச்சர், குர்ஆன்ல மூஸா நபி அலைஹிஸ்ஸலாம் அவங்கட சம்பவத்திலயும் இது வருது. அவங்கள வேலைக்கு வைக்கச் சொல்லி வாப்பாக்கிட்டச் சொன்னது ஒரு பொம்புளப் புள்ளதான். வலிமையும் நம்பிக்கையும் உள்ளவங்க எண்டு காரணமும் சொன்னா” என்றாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆளைத் தெரிவு செய்வதற்கு இதைவிடச் சுருக்கமான அளவுகோல் எனக்குத் தெரியாது. வலிமை என்பது இங்கே தொழிலை அறிந்திருத்தல். நம்பிக்கை என்பது அமானிதத்தைக் காத்தல். இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

தொழில் அறிவு ஏன் வேண்டும்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடே இருளில் மூழ்கியது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது என்றார்கள். உலகம் சிரித்தது. ஆனால் ஞாயிறு பகலில் மின் தேவை குறைவு, கூரைகளில் இருந்து வரும் சூரிய மின்சாரம் அதிகம், அந்நேரம் மின்வலையமைப்பு சிறு அதிர்ச்சியையும் தாங்காது என்பதும் பின்னர் சொல்லப்பட்டது. குரங்கை யாரும் தடுக்க முடியாமல் போகலாம். அந்தப் பலவீனத்தை முன்கூட்டியே கண்டு வழி செய்பவரே அந்தக் கதிரைக்கு உரியவர்.

அமானிதம் ஏன் வேண்டும்? 2022 ஜூன் மாதம் மின்சார சபையின் அப்போதைய தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ, மன்னார் காற்றாலைத் திட்டம் பற்றிப் பாராளுமன்றக் கோப் குழு முன் ஒன்றைச் சொன்னார். பிறகு அதை மீளப்பெற்றார். சில நாட்களில் பதவி விலகினார். சொன்னது சரியா, மீளப்பெற்றது சரியா என்று சாதாரண மக்களுக்கு எப்படித் தெரியும்? உயர் பதவியில் இருப்பவரின் சொல் நேற்றும் இன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டும் சேர்ந்த ஒருவர் நமது நாட்டிலேயே இருந்திருக்கிறார். பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இலேயே நமது ஆறுகளில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை வாசித்தார். ஆங்கிலேய ஆட்சி காது கொடுக்கவில்லை. சேவையை விட்ட பின் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் அதையே பேசினார். லக்சபான 1950இல்தான் மின்சாரம் தந்தது. முப்பத்திரண்டு வருடங்கள்! தகுதியானவரின் சொல்லைக் கேளாமல் விட்டால் ஒரு தலைமுறையே விளக்கில்லாமல் இருக்கும்.

“கொழும்பில ஆர் இருந்தா நமக்கென்ன?” என்று பெற்றோர் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! நம் எல்லார் வீட்டு அடுப்படி வரைக்கும் கை நீளும் ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டாமா?

வழி இல்லாமலும் இல்லை. பாராளுமன்றத்தில் உயர் பதவிகள் பற்றிய குழு உண்டு. அமைச்சுச் செயலாளர்கள், கூட்டுத்தாபனத் தலைவர்கள் போன்றோரின் பொருத்தத்தைப் பார்ப்பது அதன் கடமை. அங்கே கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும் மூன்று மொழிகளிலும் வெளிவர வேண்டும் என்று நாம் கேட்கலாம். இந்தத் துறையில் என்ன செய்திருக்கிறார்? மின்சார வியாபாரத்தில் அவருக்கோ குடும்பத்துக்கோ பங்கு உண்டா? தன்னை நியமித்தவர் பிழையான கட்டளை இட்டால் ‘முடியாது’ என்பாரா? 30 அலகு வீட்டுக்குள் எப்போதாவது இருந்திருக்கிறாரா? இந்த நான்கு கேள்விகள் போதும். கட்டணத் திருத்தத்தின்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்கிறது. எழுத்து மூலமும் அனுப்பலாம். தமிழில் ஒரு கடிதம் எழுத நமது மாணவிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களில் கணிதப் பிரிவில் படிப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். நாளை அந்தக் கதிரைக்கே உங்கள் பெயர் போகலாம். அன்று உங்களிடமும் இதே நான்கு கேள்விகளை நாங்கள் கேட்போம்.

என் அண்ணன் மகள் அந்த விளக்கடியில் படித்தே பரீட்சையை எழுதி முடித்தாள். அவளிடம் அன்று சொன்ன பதிலை நான் பிறகு திருத்திச் சொன்னேன். “விதி இல்லை மகள். ஆக்களைத்தான் நாங்க விசாரிக்காம விட்டுட்டம்.”