முன்னேற்பாடும் தவக்குலே

“அல்லாஹ் விதித்தது நடக்கும், ஆயத்தம் எதற்கு?” என்போர் பங்களாதேஷை நோக்கட்டும். 1970 நவம்பர்ப் புயலில் அம்மண்ணில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டனர். 1972 முதல் தொண்டர்கள் ஊர்தோறும் சென்று எச்சரிக்கலாயினர். எனினும் 1991-இல் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒதுங்குவதற்குப் புகலிடங்கள் போதவில்லை. அவை பெருகியபின், 2007-இல் வீசிய ‘சித்ர்’ கடும்புயலில் இறந்தோர் சுமார் 3,400 பேர். புயல் தணியவில்லை, ஆயத்தம் வளர்ந்தது.

வரவிருந்த பஞ்சத்துக்காக நபி யூசுப் (அலை) அவர்கள் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் செய்தார்களே, அது தவக்குலுக்கு மாறாகுமா?

அதே வங்கக் கடலோரம் வாழும் சகோதர சகோதரிகளே! குடிநீர், மருந்து, உலர்ந்த உணவு, கைவிளக்கு ஆகியவற்றை இன்றே எடுத்து வையுங்கள். ஒதுங்கும் இடத்தையும், அண்டைவீட்டு முதியவரை அழைத்துச் செல்பவர் யார் என்பதையும் முடிவு செய்யுங்கள். பின்னர் வல்ல அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுங்கள்.