மெழுகுதிரி அணையவில்லை

மாணிக்கக்கல் அகழ்வு அனுமதிகளுக்குப் பொறுப்பான பிராந்திய அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கையில் நேரே கொடுத்த மனுவுக்கும் பிரதேச செயலகம் வழியாக அனுப்பிய மனுவுக்கும் பதில் வரவில்லை. பதிவுத் தபாலில் போட்ட நினைவூட்டலை உங்கள் அலுவலகம் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து மட்டும் என்னிடம் இருக்கிறது. வேறு வழியில்லாமல் ஊரறிய எழுதுகிறேன். சட்டமும் ஒழுங்குவிதிகளும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றை எடுத்துச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஒரேயொரு குழியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அந்தக் குழியிலிருந்து உங்கள் உத்தியோகத்தர்கள் ஏற்றிச் சென்ற இரண்டு பொருட்களையும், அதற்குப் பிறகு அங்கே மயங்கி விழுந்த ஒரு பிள்ளையையும் பற்றியது இந்த மடல்.

இரத்தினபுரி மாவட்டத்தில் சிறிய பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு லேத், ஒரு வெல்டிங் பிளாண்ட், ஒரு உலை. சுற்றுவட்டாரக் குழிகளின் நீர்ப் பம்புகள் பழுதானால் என்னிடம்தான் வரும். எங்கள் ஆற்றோரக் குழிகளின் மணல் இம்பெல்லரை அரித்துவிடும், சீலைத் தின்றுவிடும், பேரிங்கை இறுக்கிவிடும். கடையில் உதிரிப்பாகம் கிடைத்த காலத்தில் வாங்கிப் போட்டோம். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து, 2022இல் நாட்டில் டொலரே இல்லாமல் போனபோது, உடைந்த அலுமினியத்தை உருக்கி வார்த்து, லேத்தில் கடைந்து, இம்பெல்லரை நாங்களே செய்தோம். அந்த ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்களை வேறு எப்படி ஓட்டலாம் என்று மூளையைக் கசக்கியவர்களும் நாங்கள்தான். அப்போது எந்த அலுவலகத்திலிருந்தும் யாரும் வந்து, இதற்கெல்லாம் யாரிடம் அனுமதி வாங்கினாய் என்று கேட்கவில்லை.

இனி அந்தக் குழிக்கு வருகிறேன்.

முறையான அனுமதிப்பத்திரம் உள்ள குழி அது. நாற்புறமும் மரச்சட்டம் கொடுத்து, சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையில் பெரணியும் இலைதழையும் அடைத்து, எங்கள் முன்னோர் இறங்கிய முறையிலேயே இறங்கியது. கல் கிடக்கும் சரளைப் படையான 'இல்லம' அங்கே ஆழத்தில் இருந்தது. இறங்க இறங்க ஊற்று பெருகியது. இறைக்காமல் விட்டால் இரண்டு நாளில் குழி கிணறாகிவிடும். பங்கு பிரிக்கும்போது காணிக்காரருக்கும், அனுமதிப்பத்திரக்காரருக்கும், இறங்கி வேலை செய்பவர்களுக்கும் விழுவதைப் போலவே பம்பு கொடுத்தவருக்கும் ஒரு பங்கு விழுவது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணீரை இறைப்பது இந்தத் தொழிலில் எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு அந்தப் பங்கே சாட்சி.

மேலே வைத்த பம்பு ஆழத்துத் தண்ணீரை எடுக்காது. குழாய்க்குள் தண்ணீரைத் தள்ளி ஏற்றுவது காற்றின் அழுத்தம். அந்த அழுத்தத்தால் கணக்குப்படியே 10 மீற்றருக்குச் சற்று மேல் வரைதான் ஏற்ற முடியும். நடைமுறையில் 7 மீற்றரைத் தாண்டினாலே பம்பு திணறும். அதற்கும் கீழே போனால் எஞ்சினோடு பம்பையும் கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கி, நடுவில் ஒரு பலகைத் தட்டில் வைத்து ஓட்டுவார்கள். காலங்காலமாக நடப்பது இது. சைலன்சரிலிருந்து வரும் புகை ஆட்கள் வேலை செய்யும் இடத்திலேயே தேங்கும்.

அந்தப் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் ஆயிரத்தில் மூன்று பங்கு கலந்தாலே அரை மணி நேரத்தில் ஆளைக் கொன்றுவிடும். குழியில் இறங்குமுன் மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். திரி அணைந்தால் உள்ளே பிராணவாயு போதாது, இறங்கக் கூடாது என்று பொருள். பல உயிர்களைக் காத்த வழக்கம்தான். ஆனால் கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும் அளவுக்குக் கலந்திருக்கும் காற்றிலும் மெழுகுதிரி நின்று எரியும். சுடரை நம்பி இறங்குபவனுக்கு அது எதையும் சொல்லாது.

இதற்கு ஒரு வழி செய்து தரும்படி அந்தக் குழியின் பங்காளிகள் என்னிடம் வந்தார்கள். நான் செய்து கொடுத்தவை இரண்டு.

முதலாவது, எஞ்சினைக் குழிக்குள் இறக்காமல் தண்ணீர் எடுக்கும் அமைப்பு. பம்பும் எஞ்சினும் மேலேயே இருக்கும். குழிக்குள் இறங்குபவை இரண்டு குழாய்கள் மட்டும். ஒரு குழாய் வழியாகத் தெளிந்த தண்ணீரை அழுத்தத்தோடு கீழே அனுப்பினால், அடியில் நான் பித்தளையில் கடைந்து வைத்த குறுகிய மூக்கின் வழியே அது பீறிட்டு, சுற்றியுள்ள குழித் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு மற்றக் குழாய் வழியே மேலே வரும். ஆழ்கிணற்று ஜெட் பம்புகள் பல காலமாக இந்த முறையில்தான் வேலை செய்கின்றன. நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கீழே சுழலும் பாகம் எதுவும் இல்லை, புகை இல்லை. இறைக்கும் வேகம் குறைவு. மணல் ஏறினால் மூக்கு தேயும், அடைக்கும், கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆனாலும் அந்தக் குழியின் ஊற்றுக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாவது, காற்று அனுப்பும் கருவி. கொல்லுலையில் கையால் சுற்றும் ஊதியைச் சட்டத்தில் பொருத்தி, அதிலிருந்து ஒரு பீ.வீ.சீ குழாயைக் குழியின் அடிவரை இறக்கியிருந்தோம். மேலே நிற்பவர் சுற்றினால் கீழே இருப்பவரின் காலடியில் நல்ல காற்று வந்து விழும். அதற்கு எண்ணெயும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

உங்கள் உத்தியோகத்தர்கள் சோதனைக்கு வந்த நாளில் இரண்டும் வேலை செய்துகொண்டிருந்தன. அனுமதிப்பத்திரத்தில் ஒரு நீர்ப் பம்பு என்று எழுதியிருக்கிறது, இங்கே இருப்பது மாற்றியமைத்த இயந்திரம் என்றார்கள். எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறேன் என்றேன். பார்க்க நேரமில்லை என்றார்கள். ஊதி எதற்கு என்று ஒருவர் கேட்டார், காற்றுக்கு என்றேன். பட்டியலில் அதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டார். குழாய்களை அறுத்து, இரண்டையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குழியை மூடச் சொல்லவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. அனுமதிப்பத்திரத்தில் உள்ளபடி பம்பு வைத்து வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்படியே செய்தார்கள் ஐயா. வாடகைக்கு ஒரு பெற்றோல் பம்பு எடுத்து வந்து, வழக்கம்போல் பலகைத் தட்டில் இறக்கி ஓட்டினார்கள். தண்ணீர் வற்றியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு மெழுகுதிரி இறக்கிப் பார்த்தார்கள். திரி நன்றாக எரிந்தது. தோட்டத்து லயனிலிருந்து வேலைக்கு வந்த இளைஞன் ஒருவன் முதலில் இறங்கினான். தலை சுற்றுகிறது என்று அவன் சொன்னது மேலே கேட்டது. அதன் பிறகு அவனுடைய குரல் வரவில்லை. மேலே நின்றவர்களில் மூத்தவர் முகத்தில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஈரத் துணி அந்த வாயுவைத் தடுக்காது என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் இறங்கியிருப்பார். பையனைக் கயிற்றில் கட்டி, மண்வாளி இழுக்கும் மர உருளையைச் சுற்றி மேலே எடுத்தார்கள். அவன் வெளியே வந்தபோதும் மெழுகுதிரி உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் அவன் பழைய ஆளாக இல்லை. சொன்னதைச் சற்று நேரத்தில் மறந்துவிடுகிறான். கை நடுங்குகிறது. அந்த வாயு மூளையை இப்படிப் பாதிக்கும் என்று டொக்டர்மார் வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாட்சம்பளம் இல்லாமல், சாப்பாட்டுக்கும் கல் கிடைத்தால் ஒரு பங்குக்கும் இறங்கியவன் அவன். கல் இன்னும் கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்கு இன்று வருமானம் அவனுடைய அம்மா எடுக்கும் கொழுந்து மட்டும்.

அதற்குப் பிறகு உங்கள் அலுவலகம் ஓர் அறிக்கை எழுதியது. தொழிலாளர்களின் கவனக்குறைவே காரணம் என்று அதில் இருக்கிறது. என்ன கவனக்குறைவு? உங்கள் அனுமதிப்பத்திரத்தில் உள்ள பம்பைத்தான் அவர்கள் பயன்படுத்தினார்கள். வழக்கப்படி திரியைக் கொளுத்திப் பார்த்தார்கள். புகை வராத பம்பும், காற்றுத் தரும் ஊதியும் உங்கள் முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்தன. அறிக்கையில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்போது உங்கள் அறிவித்தல் பலகையில் ஏலப் பட்டியல் ஒன்று தொங்குகிறது. அதில் அவை இரண்டும் பழைய இரும்பு என்ற தலைப்பில், நிறைக் கணக்கில் இருக்கின்றன.

இதைப் படித்த பிறகுதான் பொறுமை போனது.

என் தகப்பனார் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர். மார்ஷல் உருளைகளும் பெல்ஃபாஸ்டில் செய்த சிரோக்கோ உலர்த்திகளும் எங்கள் மலைகளுக்கு வந்தது வெள்ளைக்காரன் காலத்தில். அவற்றுக்கு உதிரிப்பாகம் வருவது நின்ற பிறகும் அவை ஓடியதற்குக் காரணம், தொழிற்சாலைப் பட்டறைகளில் பற்சக்கரத்தை வார்த்தும், புஷ்ஷைக் கடைந்தும், தகட்டை ஒட்டியும் பிழைக்க வைத்த கைகள். அந்தத் தேயிலை விற்று நாட்டுக்கு டொலர் வந்தது. அந்த இயந்திரங்களை மாற்றியமைத்தவை என்று எவரும் பறிமுதல் செய்யவில்லை. துரையின் இயந்திரத்தைப் பழுதுபார்த்தபோது எங்கள் கைக்குப் பெயர் திறமை. குழியில் இறங்கும் கூலிக்காரனுக்காக அதே கை ஒன்றைச் செய்தால் அது குற்றமா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வேண்டும்.

பணக்காரர் பெக்கோவைக் கொண்டுவந்து வயலைப் புரட்டிப் போடுவதற்கு விண்ணப்பமும் வைப்புப்பணமும் பரிசோதனையும் அனுமதியும் என்று ஒரு பாதை வகுத்து வைத்திருக்கிறீர்கள். பட்டறையில் செய்த ஓர் ஊதிக்கு அப்படியொரு பாதை இல்லை. விண்ணப்பப் படிவம் எது என்று கேட்டேன். அப்படி எதுவும் இல்லை என்றார்கள். கேட்க வழியில்லாத அனுமதியைக் கேட்காததற்குத் தண்டனை கொடுக்கிறீர்கள். அந்தத் தண்டனையை அனுபவிப்பது நானும் இல்லை, அனுமதிப்பத்திரக்காரரும் இல்லை; கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குபவன்.

பட்டறையில் செய்தவை எல்லாம் பத்திரமானவை என்று நான் வாதிடவில்லை. மூடியில்லாத பெல்ட்டில் விரலை இழந்தவர்களைத் தெரியும். ஒட்டு விட்ட கொக்கியிலிருந்து மண்வாளி கழன்று விழுவதும் உண்டு. அதனால்தான் சோதித்துப் பாருங்கள் என்று கேட்கிறேன். தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரியரை அழைத்து வாருங்கள். என் பட்டறைக் கதவு திறந்திருக்கிறது. குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன்; ஆபத்து என்றால் என் கண்முன்னாலேயே உடைத்துப் போடுங்கள். பார்க்காமலே எடுத்துப் போனீர்கள், பார்க்காமலே ஏலம் போடுகிறீர்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கேட்பவற்றை இங்கே எழுதுகிறேன். அந்த இரண்டையும் ஏலத்திலிருந்து எடுத்து அந்தக் குழிக்குத் திருப்பிக் கொடுங்கள். எஞ்சினில் ஓடும் பம்பைக் குழிக்குள் இறக்கக் கூடாது என்று எழுத்தில் கட்டளை போடுங்கள். காற்று அனுப்பும் கருவி இல்லாத ஆழக்குழிக்கு அனுமதியைப் புதுப்பிக்காதீர்கள். உள்ளூர்ப் பட்டறைகள் செய்பவற்றைப் பதிவு செய்து பரிசோதிக்க வழி வகுங்கள். இவற்றில் எதுவுமே உங்கள் அதிகாரத்தில் இல்லை என்றால், அதையாவது எழுத்தில் தாருங்கள். அதிகாரம் உள்ளவரைத் தேடிப் போகிறோம்.

எல்லாவற்றுக்கும் முதல், ஒரு நாள் அந்தப் பிள்ளையின் லயனுக்குப் போங்கள். அவனுடைய அம்மாவின் முன்னால் நின்று அந்த அறிக்கையை வாசியுங்கள். கவனக்குறைவு என்ற சொல்லை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல உங்களால் முடிந்தால், நான் இனி எழுத மாட்டேன்.

முடியாது என்றால் அறிக்கையைத் திருத்துங்கள். அந்தப் பையன் விழுந்தது அவனுடைய தவறால் அல்ல. அவனுக்குக் காற்றுக் கொடுத்த கருவியை நீங்கள் எடுத்துச் சென்றதால் விழுந்தான். அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை இந்த ஊர் உங்களைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

இப்படிக்கு,
இரத்தினபுரி மாவட்டத்துப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்