எது குறைவோ அது!

ரப்பர்ச் செருப்பு அணிந்தவனும் வானூர்தியில் ஏறவேண்டும் என்றார் நாட்டின் பிரதமர். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சிம்லாவில் கொடி அசைந்தது. டில்லிக்கு விமானம் பறந்தது. சிற்றூர்களை விமானத்தால் இணைக்கும் 'உதான்' திட்டம் சிறகு விரித்தது. ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம், கட்டணம் 2,500 ரூபாய் என்றனர். பாதி இருக்கைகளுக்கு மட்டுமே அந்தக் கட்டணம், மறுபாதிக்குச் சந்தை சொல்வதே விலை என்பதைச் சற்று மெல்லிய குரலில் சொன்னார்கள். இருக்கட்டும். கோடி குவித்தவன் மட்டுமே கண்ட வானத்தைக் கூலிக்காரன் மகனும் காணட்டும் என்பது நல்ல எண்ணம். நல்ல எண்ணத்தைப் பாராட்டுவதில் நமக்குக் கஞ்சத்தனம் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். ஏற்றிவிட்டீர்கள், ஏறியவரை எப்படி நடத்தினீர்கள்? ரிப்பனை வெட்டிய கத்தரி பெட்டிக்குள் போன பிறகு, பயணியின் கதி என்ன?

"இது என்ன கேள்வி? பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறவனுக்காகப் பேசவேண்டிய கட்சி, விமானத்தில் பறக்கிறவனுக்கா வக்காலத்து வாங்குவது?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்பர். நியாயமான ஐயம். ஆகவே அதற்கே முதலில் விடை சொல்கிறேன்.

இந்தச் சிறு விமானங்களில் பறப்பவர் யார்? மாளிகைவாசியா? அவருக்குத் தனி விமானம் இருக்கிறது. இங்கே பறப்பவர், சென்னை மருத்துவமனையில் நாள் குறித்துக்கொண்ட நோயாளி. வளைகுடாவில் உழைத்துவிட்டு, தாயின் இறுதி முகம் காணத் துடித்து வரும் மகன். நேர்காணலுக்குப் போகும் பட்டதாரிப் பெண். இவர்கள் கையில் உள்ள சீட்டு செல்வத்தின் அடையாளமன்று, அவசரத்தின் அடையாளம்!

இன்னொன்று. இவ்விமானங்கள் பொதுப் பணத்தால் பறக்கின்றன. வருவாய் குறைந்தால் நிறுவனத்திற்கு மானியம். அம்மானியத்தில் மாநிலத்தின் பங்கு, வடகிழக்கு போன்ற பகுதிகள் நீங்கலாக, நூற்றுக்கு இருபது. எஞ்சியதற்காகப் பெருந்தடங்களில் பறக்கும் விமானங்கள்மீது தீர்வை; அது சுற்றிவளைத்துப் பயணியின் சீட்டு விலையிலேயே வந்து அமர்கிறது. காவலும் தீயணைப்பும் மாநில அரசு இலவசமாகத் தரவேண்டும். பெயர் அவர்களுடையது; பணம் நம்முடையது! நம் பணத்தில் நடக்கும் காரியத்தில் நமக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லையா?

தாயும் மகனும்

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். ஓமலூர்ப் பக்கத்து நெசவாளி ஒருவர், முழங்கால் நோயுற்ற தாயைச் சென்னைக்கு அழைத்துச் செல்லக் கமலாபுரம் விமான நிலையத்திற்கு வருகிறார். இரயிலில் ஐந்தாறு மணி நேரம் உட்கார அம்மாவால் முடியாது. சேமிப்பை உடைத்துச் சீட்டு வாங்கியிருக்கிறார். நிலையத்தில் காத்திருக்கும்போது கைப்பேசியில் ஒரு செய்தி: "இயக்கக் காரணங்களால் விமானம் ரத்து."

இயக்கக் காரணம்! அது என்ன காரணம்? விமானி வரவில்லையா? இயந்திரம் பழுதா? அல்லது, போதிய சீட்டு விற்கவில்லை, நட்டத்துக்கு ஏன் பறப்பது என்ற கணக்கா? கேட்டால் விடையில்லை. விடை சொல்லவேண்டிய ஊழியரோ மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் நம் வீட்டுப் பிள்ளை. மேலிடம் சொன்னதைத் திருப்பிச் சொல்வதன்றி அவரும் அறியார். அவர்மீது பாய்வதில் பயனில்லை.

அரசுப் பேருந்து வழியில் நின்றுவிட்டால் என்ன நடக்கிறது? நடத்துநர் இறங்கி நின்று, பின்னால் வரும் பேருந்தை நிறுத்தி, அதே சீட்டில் நம்மை ஏற்றிவிடுகிறார். அந்த எளிய நாகரிகம், நாளுக்கு ஒரே விமானம் உள்ள தடத்தில் எப்படிக் கிடைக்கும்? அடுத்த விமானம் நாளைக்கு! மருத்துவர் குறித்த நாளோ இன்றைக்கு!

"சட்டம் இருக்கிறதே" என்பர். இருக்கிறது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2016 ஆகஸ்டு முதல் நடைமுறைப்படுத்திய விதியை எடுத்துப் படியுங்கள். உரிய காலத்தில் அறிவிக்காமல் விமானத்தை ரத்துச் செய்தால், ஒரு மணி நேரத்திற்குட்பட்ட பயணத்திற்கு இழப்பீடு 5,000 ரூபாய் என்கிறது. படித்ததும் மகிழ்ச்சி பிறக்கும். அடுத்த வரியைப் படித்ததும் அது இறக்கும். 5,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது!

தோழர்களே, அந்த மூன்று சொற்களைக் கவனியுங்கள். எது குறைவோ அது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சீட்டு வாங்கியவருக்கு இழப்பீடும் ஆயிரத்து ஐந்நூறு. மலிவுச் சீட்டு வாங்கியவனின் நேரமும் மலிவு. அவன் தாயின் நோவும் மலிவு! அதுவும், அசாதாரணச் சூழ்நிலை என்று நிறுவனம் மெய்ப்பித்துவிட்டால் கிடையாது. விமானம் ரத்தாகாமல் வெறுமனே தாமதமானால் சிற்றுண்டி உண்டு, தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானமோ சீட்டுப் பணமோ உண்டு. போன நேரத்துக்கு ஈடாக ஒரு காசும் இல்லை.

கடல் கடந்து பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் இயற்றிய 261-ஆம் எண் விதி, 1,500 கிலோமீட்டருக்குட்பட்ட பயணத்திற்கு 250 யூரோ இழப்பீடு என்றது. சீட்டின் விலை இருபது யூரோவானாலும் அதே 250! ஏழைச் சீட்டு, பணக்காரச் சீட்டு என்ற பேதம் அங்கே இல்லை. அங்கே அளக்கப்பட்டது பயணியின் இன்னல்; இங்கே அளக்கப்படுவது பயணியின் பை.

விமானம் குற்றவாளியன்று

சிறு விமானம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்வர். இதையும் ஆராய்வோம்.

சிற்றூர்த் தடங்களில் பெரிதும் பறப்பது ஏ.டி.ஆர். 72 என்னும் விமானம். பிரான்சு நாட்டுத் துலூசு நகரில் உருவாவது. ஏறத்தாழ எழுபது பேர் அமர்வது. வரிசைக்கு நான்கு இருக்கை, நடுவே ஒரு வழி. இரு பக்கமும் விசிறி சுழலும். குறுகிய ஓடுபாதை போதும், எரிபொருளும் குறைவு. குறுந்தொலைவுக்கு ஏற்ற நல்ல ஊர்தி. விசிறியின் இரைச்சல் உண்டு; தாழ்வாகப் பறப்பதால் மேகத்தின் குலுக்கலும் உண்டு. அவற்றை நாம் குறையாகச் சொல்லவில்லை. இயற்கையோடும் இயந்திரத்தோடும் நமக்குச் சண்டை இல்லை.

நம் சண்டை, செய்யக்கூடியதைச் செய்யாதவரோடு! பெரிய ஜெட் விமானத்தின் வாலில் துணை இயந்திரம் ஒன்று உண்டு. தரையில் நிற்கும்போது குளிர்காற்று தருவது அது. ஏ.டி.ஆரில் அது கிடையாது. வலப்புற இயந்திரத்தை, விசிறி சுழலாதபடி பூட்டி ஓட்டவேண்டும். அல்லது குளிர்காற்று வண்டியைக் கொண்டுவந்து குழாய் பொருத்தவேண்டும். ஒன்றில் எரிபொருள் செலவு. மற்றொன்றில் வண்டிச் செலவு. இரண்டையும் மிச்சம் பிடித்தால், சித்திரை வெயிலில் எழுபது பேர் அடுப்பில் வைத்த பானைக்குள் இருப்பதுபோல் இருப்பர். நிறுவனத்துக்கு மிச்சம், குழந்தைக்கும் கிழவிக்கும் மூச்சுத் திணறல்!

இந்த விமானத்தில் பயணிகள் ஏறுவது பின்புறக் கதவின் வழியே. கதவே படிக்கட்டாக விரியும். சில படிகள்தாம்; ஆனால் முழங்கால் நோயாளிக்கு அச்சில படிகளே மலை. சாய்தளம் ஒன்றை உருட்டிவந்து வைத்தால் தீர்ந்தது. அதற்கென்ன விஞ்ஞானப் புரட்சியா வேண்டும்? மனம் வேண்டும்! 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில், மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை ஏற்ற மறுத்தது ஒரு நிறுவனம். நாடு கொதித்தது; நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது; அவ்வாண்டு சூலையில் விதியும் திருத்தப்பட்டது. இனி மாற்றுத்திறனாளியை மருத்துவரைக் கேட்காமல் தள்ளிவைக்கக்கூடாது என்றனர். ஒரு பிள்ளை அவமானப்பட்ட பிறகுதான் விதிக்குக் கண் திறந்தது!

மொழியையும் சொல்லவேண்டும். அவசர வாயில் எங்கே, இருக்கைப் பட்டையை எப்படி அவிழ்ப்பது என்பவை உபசார வார்த்தைகள் அல்ல. உயிர் காக்கும் வார்த்தைகள். சேலத்திலிருந்து சென்னைக்குப் பறக்கும் ஓமலூர்த் தாய்க்கு அதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஓதினால் என்ன பயன்? சில விமானங்களில் விமானிகள் தாமே விரும்பித் தமிழில் பேசுகின்றனர். பயணிகள் கை தட்டுகின்றனர். அந்த விமானிகள் வாழ்க! ஆனால் ஒருவரின் நல்ல மனத்தால் கிடைப்பது அன்பளிப்பு. விதியால் கிடைப்பதே உரிமை. 1934-ஆம் ஆண்டு வானூர்திச் சட்டத்தை அகற்றி, 2025 சனவரி முதல் நாளில் 'பாரதீய வாயுயான் அதிநியம்' என்று வடமொழிப் பெயர் சூட்டிப் புதுச் சட்டம் கொண்டுவந்தனர். நமக்கு வாயில் நுழையாத பெயரைச் சூட்ட நேரம் இருந்தது. நம் மொழியில் உயிர்காப்பு அறிவிப்பைக் கட்டாயமாக்க நேரம் இல்லை!

முதல் வசதி எது?

மெத்தை, குளிர்காற்று, குடிநீர் எல்லாம் பிறகு. பயணிக்கு வேண்டிய முதல் வசதி, விமானம் வருவது!

கமலாபுரம் நிலையம் 1993-இல் திறக்கப்பட்டது. சிறிது காலம் பறந்தது, நின்றது. 2009-இல் மீண்டும் பறந்தது; 2011-இல் நின்றது. 2018 மார்ச்சில் உதானின் பெயரால் பறந்தது, 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடியும் தொடங்கியது. ஒவ்வொரு தொடக்கத்துக்கும் விழா. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மௌனம். திட்டம் பிறந்த சிம்லாவின் கதையும் வேறன்று. 2020-இல் நின்ற சேவை 2022 செப்டம்பரில்தான் திரும்ப வந்தது. நெய்வேலியின் பெயர் 2017-இல், முதற்சுற்றுப் பட்டியலிலேயே இருந்தது. ஆண்டுகள் உருண்டன, பட்டியல் பறந்தது, விமானம் பறக்கவில்லை!

எதிர்க்கட்சியின் புலம்பல் என்று தள்ளிவிடுவார்களோ? இதோ, மத்தியத் தணிக்கைத் தலைவரின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை. உதான் மூன்றாம் சுற்று வரை ஒதுக்கப்பட்ட தடங்கள் 774. அவற்றுள் பறப்பே தொடங்காதவை 403. தொடங்கிய 371-இல், மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முழுதும் கடந்தவை 112. அதற்கப்பாலும் 2023 மார்ச்சில் உயிரோடிருந்தவை 54. நூறு தடம் தருகிறேன் என்றவர், ஏழு தடம் தந்திருக்கிறார்! வாக்களித்த எண் ஒன்று, வந்து சேர்ந்த எண் ஒன்று. மக்களுக்குக் கிடைத்தது எது? எது குறைவோ அது!

நாம் கேட்பது

அரியணை கேட்கவில்லை, ஒழுங்கான நாற்காலி கேட்கிறோம். பொதுப் பணம் பெறும் தடங்களிலேனும் இழப்பீட்டு விதியில் 'எது குறைவோ' என்பதை அடித்துவிட்டு 'எது கூடுதலோ' என்று எழுதுக. ரத்துக்கான உண்மைக் காரணத்தை எழுத்தில் தருக. குறித்த நேரத்தில் பறந்தால் முழு மானியம், பறக்காவிட்டால் பிடித்தம் என்று ஒப்பந்தம் செய்க. சாய்தளமும் குளிர்காற்று வண்டியும் வந்துசேர்ந்த பிறகே ரிப்பன் கட்டுக. உயிர்காப்பு அறிவிப்பை அந்தந்த மாநில மொழியில் முதலில் சொல்லுக. இவற்றுள் எது பேராசை?

தோழர்களே! உங்களுக்கும் பணி உண்டு. உரிமையை அறியாதவனிடம் உரிமை தங்காது. சீட்டு வாங்கும்போது கைப்பேசி எண்ணைத் தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள்; தொடர்பு விவரம் தராதவருக்கு இழப்பீடு இல்லை என்கிறது விதி. இருக்கைக்கு மேல் சீட்டு விற்றுவிட்டு ஏற்ற மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராதபட்சத்தில், கட்டணத்தைப் போல் இரு மடங்கு, 10,000 ரூபாய் வரை. மாற்று விமானம் இருபத்து நான்கு மணி நேரத்தையும் தாண்டினால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய் வரை உண்டு என்பதைப் படிப்பகத்துப் பலகையில் எழுதிவையுங்கள். இணையத்தில் 'ஏர்சேவா' முறையீட்டுத் தளம் உண்டு. அங்கே நீதி கிட்டாவிட்டால், வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. இழப்புற்றவர் அருகில் அமர்ந்து மனு எழுதிக் கொடுங்கள். அது மேடைப் பேச்சினும் மேலான கட்சிப் பணி.

அடுத்த முறை, நம் ஊரில் ஒரு விமானத்துக்குக் கொடியசைக்க எவரேனும் வரட்டும். மாலை போடுங்கள். கை தட்டுங்கள். தட்டிய கையாலேயே கால அட்டவணையை நீட்டி, "நாளையும் பறக்குமா? பறக்காவிட்டால் என் தாய்க்கு என்ன விடை?" என்று கேளுங்கள்.

ரப்பர்ச் செருப்பு அணிந்தவன் கேட்பது கருணையன்று, கணக்கு. கொடுத்த காசுக்கும் கட்டிய வரிக்கும் உரியதைக் கேட்கிறான். குறைவானதை அல்ல, முறையானதை!